தண்ணீரில் நானோ குழாய் கலக்கிய அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரி:
பாலக்காட்டுப் பக்கம் ஒரு லேபில் வேலை. கார்பன் நானோ குழாய் என்பது கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்; மொத்தமாகப் பார்க்கக் கன்னங்கறுத்த பொடிதான். வெறும் தண்ணீரில் போட்டு எவ்வளவு குலுக்கினாலும் திரண்டு அடியில் தங்கிவிடும். வாண்டர்வால்ஸ் விசை, அதாவது நெருங்கிய பொருள்களுக்கிடையே வரும் மெல்லிய ஈர்ப்பு, குழாய்களைக் கற்றை கற்றையாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதைப் பிரிக்க அல்ட்ராசானிக் புரோப் (மீயொலியால் அதிரும் கம்பி) வேண்டும், பிரிந்தவை மறுபடி ஒட்டாமலிருக்க சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரிப் பொருள்) வேண்டும்.

தண்ணீரில் கவனமாக இருங்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரில் துணி சோப்பே நுரைக்காது. புதிதாகச் சேர்ந்த தம்பிக்குக் காட்ட வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோய் அதில் எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சர்ஃபாக்டன்ட்) கரைத்தேன். கலங்கி வெளுத்து, அடியில் வெள்ளையாகப் படிந்தது. அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியம் எஸ்டிஎஸ்ஸைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடுகிறது, அப்புறம் குழாயைக் காக்க எது மிஞ்சும்? அயனி நீக்கிய தண்ணீர் கட்டாயம்.

புரோப் ஓடும்போது சூடேறும் என்பதால் பீக்கரை ஐஸில் வைப்போம். அந்தக் குளிரில் எஸ்டிஎஸ் படிகமாகிவிடும். அதனால் என் கை போவது சோடியம் டீஆக்ஸிகோலேட் பக்கம்தான். அதுவும் சர்ஃபாக்டன்ட்தான், பித்த உப்பு. பிறகு சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுழற்றினால் பிரியாத கற்றைகள் அடியில் போய்விடும், மேல்தெளிவை மட்டும் எடுக்க வேண்டும்.

இனி குழாய்களை ஒரே திசையில் வரிசைப்படுத்துவது. 2016-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜுனிச்சிரோ கோனோ குழு காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைசெல் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கூடும் சிறு உருண்டை) உருவாகும் செறிவுக்குக் கீழே சர்ஃபாக்டன்ட் வரும்வரை நீர்த்து, மிக மெல்ல வடிகட்டுகிறார்கள். அவசரப்பட்டு பம்பைக் கூட்டினால் குழாய்கள் திசையின்றி விழுந்துவிடும். மெதுவாக இறங்கினால் அவையே ஒரே பக்கம் பார்த்துப் படுத்துக்கொள்கின்றன. கடைசிச் சொட்டுகளுக்கு மட்டும் வேகம் கூட்டலாம். வடிகட்டியில் தங்கிக் காய்ந்த படலத்தின் மேல், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தகட்டை வைத்துத் திருப்பிப் பாருங்கள்: ஒரு திசையில் இருட்டு, கால்வட்டம் திருப்பினால் வெளிச்சம். அதைப் பார்த்த அன்று சாப்பாடே மறந்துபோனது.

நகரிக்காரன்:
அக்கா, நான் நானோ குழாயை நூலாக இழுக்கும் பக்கம். பிரான்சின் போர்டோவில் 2000-இல் வந்த முறை: எஸ்டிஎஸ்ஸில் கலந்த குழாய்களை ஓடுகிற பாலிவினைல் ஆல்கஹால் (தண்ணீரில் கரையும் ஒரு பாலிமர்) கரைசலுக்குள் ஊசி வழியாக விடுவது. ஓட்டமே குழாய்களை வரிசையாக்கும். வருவது ரிப்பன், கழுவிக் காயவைத்தால் சுருங்கி நூலாகும். ஈரத்தில் தொட்டால் அறுந்துவிடும், அதுதான் பெரிய பாடு. நீங்கள் வடிகட்டும் மெம்பிரேன் துளை எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
பாலிகார்பனேட், 80 நானோமீட்டர் தம்பி. 200-ம் போட்டுப் பார்த்தேன், சீக்கிரம் இறங்கிவிடுகிறது. எனக்கு 80 போதும்.