மரச்செக்கு எண்ணெய்க்கு ஆன்லைன் விளம்பரம்: லைக் வருது, ஆர்டர் வரலை

செக்கடி_கோபி
வணக்கம்ங்க. கோபிச்செட்டிபாளையத்துல மரச்செக்கு வச்சு கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விக்கிறோம். பேஸ்புக், இன்ஸ்டாவுல தினம் ஒரு போஸ்டர் போடறோம். லைக் போடறது எல்லாம் சொந்தக்காரங்கதான், வெளி ஆளுங்க கேட்டு வர்றதில்லை. மாசம் 3,000 ரூபாய் வரைக்கும் செலவு பண்ண முடியும். போஸ்ட்டை காசு கட்டி பூஸ்ட் பண்ணலாமா, இல்ல யூடியூபர் யாரையாச்சும் கூப்பிடலாமா?

மேப்_வழிகாட்டி
ரெண்டும் இப்ப வேண்டாங்க. முதல்ல கூகுள் மேப்ஸ். 'பக்கத்துல மரச்செக்கு எண்ணெய்'னு தேடறவர் வாங்கற முடிவோடதான் தேடறார். அவர் கண்ணுல நீங்க படாம இருக்கறதுதான் பெரிய நஷ்டம்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல்ல, அதாவது மேப்ஸ்ல உங்க கடையைக் காட்டற பக்கத்துல, கடைப் பேரை போர்டுல இருக்கறபடியே போடுங்க. 'பெஸ்ட் மரச்செக்கு ஆயில் கோபி'னு பேரோட சேர்த்து ஒட்டினா சஸ்பெண்ட் ஆகலாம். அப்புறம் அப்பீல் போட்டுக் காத்திருக்கணும். வகைகளையும் விலையையும் பிராடக்ட்ஸ் பகுதியில ஏத்துங்க.

கடை நிஜமா இருக்கான்னு பார்க்கற வெரிஃபிகேஷனுக்கு கூகுள் வீடியோ கேட்டா தெரு, போர்டு, ஷட்டரைத் திறக்கறது, உள்ள செக்கு ஓடறது எல்லாத்தையும் ஒரே ஷாட்ல, 30 விநாடிக்குக் குறையாம எடுங்க. நடுவுல கட் பண்ணாதீங்க, யார் முகமும் வேண்டாம்.

ரிவியூ க்யூஆரை பில் மேசையில ஒட்டுங்க. ரிவியூ போட்டா 100 மில்லி இலவசம்னு மட்டும் சொல்லாதீங்க. அது கூகுள் விதிக்கு மாறானது, போட்ட ரிவியூவும் போயிடும்.

ரீல்ஸ்_பட்டறை
போஸ்டரை நிறுத்திடுங்க. உங்க கையில போஸ்டரைவிட நூறு மடங்கு நல்ல சரக்கு இருக்கு. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு போகுது இல்லையா? பருப்பைத் தராசுல நிறுத்து, செக்குல கொட்டி, கடைசியில வந்த எண்ணெயையும் மிஞ்சின புண்ணாக்கையும் அளந்து காட்டுங்க. 'ஏன் இவ்வளவு விலை?'ங்கற கேள்விக்கு 30 விநாடியில பதில் கிடைச்சிடும். எள்ளோட கருப்பட்டி சேர்க்கறது ஒரு ரீல், எண்ணெயைத் தெளிய வைக்கறது இன்னொண்ணு.

லோகோ, வணக்கம் எதுவும் முன்னாடி வேண்டாம். எண்ணெய் வடியற காட்சியிலேயே ஆரம்பிங்க. போனை நேரா நிமிர்த்திப் பிடிங்க. ஷூட்டுக்கு முன்னாடி லென்ஸைத் துடைச்சிடுங்க. எண்ணெய்க் கை பட்ட லென்ஸ்ல படம் மங்கலாத்தான் வரும். எழுத்தை நடுவுல வைங்க: அடியில கேப்ஷன் மறைக்கும், வலப்பக்கம் பட்டன்கள் மறைக்கும். சினிமாப் பாட்டு வியாபாரக் கணக்குக்கு உரிமைச் சிக்கல், செக்குச் சத்தமே போதும்.

யூடியூபரைக் கூப்பிடறதா இருந்தா, பார்வையாளர்கள் எந்த ஊர்க்காரங்கன்னு அவரோட அனலிட்டிக்ஸ் ஸ்கிரீன்ஷாட்டை முதல்ல கேளுங்க. பாதிப் பேர் துபாய்ல இருந்தா உங்க கடைக்கு அதனால என்ன பிரயோஜனம்? காசு வாங்கிட்டுப் பேசறவர் அதை விளம்பரம்னு சொல்லியே ஆகணும், இதையும் முன்கூட்டியே பேசிக்கங்க.

ஆட்ஸ்_கணக்கு
பூஸ்ட் பட்டனை அப்படியே அமுக்கினா பெரும்பாலும் லைக்தான் வரும். பேஸ்புக், இன்ஸ்டா விளம்பரத்தை அமைக்கற ஆட்ஸ் மேனேஜர்ல வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் வர்ற மாதிரி அமைங்க. கடை மேல பின் வச்சு சுற்றளவு 15 கிலோமீட்டர். நாளுக்கு 250 வீதம் 10 நாளுக்கு 2,500, 18 சதவீத ஜிஎஸ்டி 450, மொத்தம் 2,950. மாசம் முழுக்க இழுக்காம 26ஆம் தேதி வாக்குல தொடங்கி, மாச மளிகை வாங்கற நாட்கள்ல ஓடவிடுங்க.

இப்ப கணக்கைப் பாருங்க. 60 பேர் கேட்டு 6 பேர் வாங்கறாங்கன்னு வைங்க. ஒரு வாடிக்கையாளருக்கு 490 ரூபாய்க்கு மேல ஆகுது. லிட்டருக்கு லாபம் 40 ரூபாய்னா, அவர் 12 லிட்டருக்கு மேல வாங்கினாத்தான் போட்ட காசே திரும்பும். அதனால ஒரு தடவை வந்தவரை விடவே கூடாது.

அதுக்குத்தான் கடைக்காரங்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். விலைப்பட்டியலை குயிக் ரிப்ளையா, அதாவது உடனே அனுப்பற தயார் பதிலா வச்சிடுங்க. பதில் தாமதமானா அவர் வேற கடையைப் பார்த்துடுவார். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர்தான் சேர்க்கலாம். உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சிருந்தாத்தான் மெசேஜே போகும். பலர் கோட்டை விடறது இங்கதான். பாட்டில் கொடுக்கும்போதே நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்க. மாசம் ரெண்டு மெசேஜ் போதும். மேல போனா பிளாக் பண்ணுவாங்க, பிளாக் கூடினா நம்பரே முடங்கிடும்.

செக்கடி_கோபி
ரொம்ப நன்றிங்க. 'சர்க்கரை நோய் கட்டுப்படும்'னு போஸ்டர்ல ஒரு வரி போட்டிருந்தோம், அதை ரீல்லயும் சொல்லலாமா?

ஆட்ஸ்_கணக்கு
வேண்டவே வேண்டாம். போஸ்டர்ல இருக்கறதையும் இன்னைக்கே எடுத்துடுங்க. நோய் குணமாகும்னு விளம்பரம் பண்றதை 1954ஆம் வருஷ மருந்து, மாய மருத்துவச் சட்டம் தடுக்குது, அந்தச் சட்டத்தோட நோய்ப் பட்டியல்ல சர்க்கரை நோயும் இருக்கு. உணவு பத்தித் தவறான விளம்பரம் கொடுத்தா உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம். அந்த இடத்துல உங்க 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பரையும் ஆட்டின தேதியையும் போடுங்க.