எலெக்ட்ரிக் கார் சார்ஜ் 22%-ல இருந்து சடார்னு 9% ஆகுது, என்ன செய்ய?

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். 2022 மாடல் எலெக்ட்ரிக் கார், 30 கிலோவாட் அவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 61,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. வாரம் மூணு நாள் நாகர்கோவில் போய்ட்டு வாரேன், போக வர 160 கிலோமீட்டர் பக்கம், முன்னாடிலாம் வீட்டுக்கு வந்து நிறுத்தும்போது 20% மிச்சம் இருக்கும். வைகாசில இருந்து திரும்பி வரும்போது நாங்குநேரி டோல்கேட் தாண்டினதும் 22% காட்டினது அப்படியே 9% ஆகிருது, ஆமை லைட் (பவர் குறைஞ்சிருச்சுன்னு காட்டுற ஆமைப் படம்) எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. போன வாரம் பின்சீட்ல அம்மாவும் கைப்புள்ளயும் இருக்காங்க, ராத்திரி பத்து மணி, ரொம்ப பயந்துட்டேன்.

ஆடிக்காத்துன்னு சொல்லுதாங்க. ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து போகும்போதுதான எதுக்க அடிக்கும், வரும்போது பின்னாடி இருந்து தள்ளத்தான செய்யும்?

டயர் காத்து பாத்தாச்சு, ஏசி ஆஃப் பண்ணி ஓட்டியாச்சு. எல்எஃப்பில சார்ஜ் குறைஞ்சாலும் வோல்டேஜ் பெருசா மாறாதுங்கதால பர்சன்டேஜ் கணக்கு தப்பும்னு, வீட்டு 15 ஆம்பியர் பிளக்ல மூணு தடவ 100% ஏத்தி விடிய விடிய செல் எல்லாம் ஒரே அளவுக்கு பேலன்ஸ் ஆக விட்டேன், நாலு நாள் நல்லா இருந்துச்சு, திரும்ப அதே கததான். சர்வீஸ் சென்டர்ல ரெண்டு தடவ விட்டேன், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, ஹெல்த் 94%, பேட்டரி நல்லாருக்குன்னு அனுப்பிட்டாங்க. ஓபிடி (வண்டி கம்ப்யூட்டர் காட்டுறதப் படிக்கிற கருவி) மாட்டி நானே பாத்தேன், ஃபுல் சார்ஜ்ல செல்லுக்கு செல் வித்தியாசம் 0.02 வோல்ட், 20%-க்கு கீழ 0.18 வருது, அதுவும் எப்பவும் அதே ஒரு செல்தான் இறங்குது. வாரண்டி 8 வருசம் இருக்கு.

இப்படி ஒத்த செல் வீக்கா இருந்து வாரண்டில மாட்யூல் (பேட்டரிக்குள்ள இருக்க செல் தொகுப்பு) மாத்தினவங்க, சர்வீஸ் சென்டர்ல என்ன டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்டீங்க?