பழைய காருக்கு ஏர்பேக் ரீகால்: கடிதம் வராத உரிமையாளர் என்ன செய்வது?

காரைக்கால்வாசி:
2011ஆம் ஆண்டு தயாரான ஜப்பானிய நிறுவனக் கார் ஒன்றை மூன்றாவது உரிமையாளராக வாங்கி ஓட்டி வருகிறேன். இதே மாடலை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏர்பேக்கை மாற்றிக்கொள்ளும்படி முன்பே கடிதம் வந்து, இலவசமாக மாற்றியும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரியவில்லை. என் வண்டியில் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? சந்தேகமாக இருந்தால் ஃபியூஸைக் கழற்றிவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக்.

பணிமனைக்காரர்:
இந்த இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், ஐயா. கடிதம் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும்; வெளியில் சர்வீஸ் செய்துகொள்ளும் மூன்றாவது உரிமையாளர் அதில் இருப்பது அரிது. விளக்கோ மின்இணைப்பிலும் சென்சாரிலும் உள்ள கோளாறுகளைத்தான் காட்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது டகாடா நிறுவனத்தின் ஏர்பேக் என்றால், குறை இன்ஃப்ளேட்டருக்குள், அதாவது பையை ஊத வைக்கும் வாயுவை உண்டாக்கும் உலோகக் குப்பிக்குள், இருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டில் இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காமல் செய்யப்பட்ட இன்ஃப்ளேட்டர்களில், ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றும் வெப்பநிலை ஏற்ற இறக்கமும் அந்த வேதிப்பொருளைச் சிதைத்துவிடுவதால், விபத்தின்போது அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோக உறையே வெடித்து, அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகால் செய்யப்பட்டன, அதாவது மாற்றிக் கொடுப்பதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் டகாடா திவால் நடவடிக்கைக்குச் சென்றது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களுக்கு அங்கே முன்னுரிமை தரப்பட்டது. காரைக்கால் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் இட்டுப் பாருங்கள்; அல்லது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குத் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னாலே போதும். மாடலையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், ஏனென்றால் ஒரே ஆண்டில் வந்த இரண்டு வண்டிகளில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றொன்று இருக்காது.

ஃபியூஸ் யோசனையை ஏற்க வேண்டாம். பல வண்டிகளில் அது எல்லா ஏர்பேக்குகளையும் சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்பையும் சேர்த்தே செயலிழக்கச் செய்துவிடும்.

சட்டம் படிப்பவர்:
உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தன்னார்வ ரீகால் விதிமுறை இருக்கிறது. அதன் இணையதளத்தில் பட்டியலையும் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. ஆனால் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளைப் பற்றியவை என்பதால், 2011 வண்டிக்கு அந்த வழி கைகொடுக்காது. இப்படிப்பட்ட பழைய வண்டிகளைச் சட்டம் விட்டுவிட்டது எனக்குப் புரியாத ஒன்று; நாள்பட நாள்பட மோசமாகும் குறைக்கு ஏழாண்டு எல்லை பொருந்தவே இல்லை. நல்வேளையாக, நிறுவனமே அறிவித்த ரீகாலில் எத்தனையாவது உரிமையாளர் என்பது ஒரு பொருட்டே அல்ல. சேசிஸ் எண் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

காரைக்கால்வாசி:
நன்றி. சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்க இன்ஃப்ளேட்டர் மாற்றப்படாமல் நிலுவையில் இருப்பதாகக் காட்டுகிறது. பாகம் வர நாளாகும் என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?

பணிமனைக்காரர்:
அதை அந்த மையத்திடமே எழுத்தில் கேளுங்கள். எல்லா ரீகாலும் ஒன்றல்ல. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் மோதலின்போது இன்ஃப்ளேட்டர் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருப்பதாக 2016இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை சொல்லி, அவற்றை ஓட்டவே வேண்டாம் என்றது. உங்கள் வண்டி அந்த ரகம் அல்ல. ஆனாலும் குறை ஓட்டுநர் பக்கம் என்பதால், மாற்று வண்டி கிடைக்குமானால் நான் அதைத்தான் எடுப்பேன்.

இன்னொன்று: முந்தைய உரிமையாளர்கள் விபத்துக்குப் பிறகு பழைய சாமான் கடையில் வாங்கிய ஏர்பேக்கைப் பொருத்தியிருந்தால் சேசிஸ் எண் அதைக் காட்டாது. எனவே இரண்டு முன்பக்க ஏர்பேக்குகளின் பாக எண்களையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இன்ஃப்ளேட்டர் மாற்றப்பட்டது என்று எழுதிய ஜாப் கார்டு நகலை வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.