நாங்கள் அமர்த்திய தரகரே தம் மைத்துனர் பெயரில் எங்கள் மனைக்கு ஒப்பந்தம் போடலாமா?

கெடிலக்கரை வாசி (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் செம்மண்டலம் பகுதியில் என் தாயார் பெயரில் பன்னிரண்டு சென்ட் காலி மனை உள்ளது. பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது, வில்லங்கம் ஏதும் இல்லை. என் தந்தையார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு தரகரிடம் அதை விற்றுத் தரும்படி வாய்மொழியாகச் சொன்னோம். விலையைப் பற்றிக் கேட்டபோது, "சென்ட்டுக்கு ஐந்து லட்சம் கைக்கு வந்தால் போதும்" என்று அம்மா சொன்னது உண்மை.

சில வாரங்களில் அவர் ஒருவரை அழைத்து வந்தார். அறுபது லட்சத்துக்குக் கிரய ஒப்பந்தம் எழுதி, பத்து லட்சம் முன்பணம் வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டோம். ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டதோடு சரி, பதிவு செய்யவில்லை. "தங்கள் பெயரிலோ தாங்கள் காட்டும் நபர் பெயரிலோ கிரயம் செய்து கொடுப்பேன்" என்ற வாசகமும் அதில் உள்ளது. இப்போது புதுச்சேரி அரியாங்குப்பத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் மனையை அளக்க வந்தார்கள். பேச்சுக் கொடுத்தபோது, சென்ட் ஆறரை லட்சம் என்று பேசி அவர்கள் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருப்பதும், எங்களோடு ஒப்பந்தம் போட்டவர் தரகருடைய மனைவியின் தம்பி என்பதும் தெரிய வந்தன. அந்தக் குடும்பத்துக்கு நேரடியாகக் கிரயம் எழுதிக் கொடுக்கும்படி தரகர் கேட்கிறார். அதோடு எங்களிடம் இரண்டு சதவீதக் கமிஷனும் கேட்கிறார்.

இதை அவர் எங்களிடம் சொல்லியிருக்கக் கடமைப்பட்டவரா, கமிஷன் கொடுத்தாக வேண்டுமா, ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்துமா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிட வழி உண்டா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்:

அம்மா, ஆவணங்களைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றிய அத்தியாயம் 182-ஆம் பிரிவில் தொடங்குகிறது. ஒருவருக்காக மூன்றாம் நபர்களோடு பேசி நடத்த அமர்த்தப்பட்டவர் முகவர். அதற்கு எழுத்து வேண்டியதில்லை, 185-ஆம் பிரிவின்படி பிரதிபலன்கூட வேண்டியதில்லை. ஆகவே தரகர் உங்களிடம் ஒரு ரூபாய் வாங்காதிருந்தாலும், "விற்றுத் தாருங்கள்" என்று நீங்கள் சொல்லி, "சரி" என்று அவர் அந்தப் பொறுப்பை ஏற்ற கணத்திலேயே கடமைகள் தொடங்கிவிட்டன. கமிஷன் யார் கொடுக்கிறார் என்பதை வைத்து அவர் யாருடைய ஆள் என்று முடிவு செய்யும் நம் ஊர்ப் பழக்கம் சட்டத்தில் நிற்காது.

உங்கள் நிலையை அப்படியே சொல்லும் பிரிவு 215. முகவர் தமக்கென்று அந்தத் தொழிலில் இறங்குவதானால் உரிமையாளரின் முன் சம்மதத்தைப் பெற வேண்டும், தமக்குத் தெரிய வந்த முக்கியமான செய்திகள் அனைத்தையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டமே கொடுக்கும் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: ஒருவர் தம் நிலத்தை விற்கும்படி முகவரிடம் சொல்கிறார், முகவர் அதை வேறொருவர் பெயரில் தமக்கே வாங்கிக்கொள்கிறார். உண்மை தெரிந்ததும், முகவர் முக்கியமான செய்தியை நேர்மையின்றி மறைத்தார் என்றோ, விற்பனை தமக்குப் பாதகமானது என்றோ உரிமையாளர் காட்ட முடிந்தால் அந்த விற்பனையை மறுக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே "பினாமி மைத்துனரை" எதிர்பார்த்து எழுதியது போலத்தான் இருக்கிறது.

அடுத்த பிரிவான 216, உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தமக்காக நடத்திய பேரத்தில் கிடைத்த ஆதாயத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. இங்கே அறுபதுக்கும் எழுபத்தெட்டுக்கும் உள்ள பதினெட்டு லட்சம்தான் அந்த ஆதாயம். கமிஷனைப் பொறுத்தவரை, தனியே ஒப்பந்தம் ஏதுமில்லையென்றால் வேலை முடியும்வரை அது நிலுவைக்கு வராது என்கிறது 219. ஒப்படைத்த வேலையில் முறைகேடாக நடந்துகொண்டவர் அந்தப் பகுதிக்கு ஊதியம் கோர முடியாது என்கிறது 220. எனவே இரண்டு சதவீதம் என்று அவர் கேட்கும் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

வில்லியனூர்த் தரகர்:

நான் இதே தொழிலில் இருப்பவன், புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் கடலூர்ப் பக்கமும் மனை முடித்துக் கொடுக்கிறேன். வழக்கறிஞர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் நடைமுறையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "நெட் ரேட்" என்பது இங்கே ஊரறிந்த ஏற்பாடு. உரிமையாளர் தமக்குக் கைக்கு வர வேண்டிய தொகையைச் சொல்லிவிடுவார், அதற்கு மேல் பேசி வாங்குவது தரகருடைய திறமை. அப்படிச் செய்யும்போது உரிமையாளரிடம் கமிஷன் வாங்குவதில்லை. பல நேரங்களில் தரகர் தம் கைப்பணத்தையே முன்பணமாகக் கொடுத்து, குறித்த கெடுவுக்குள் ஆள் பிடிக்க முடியாமல் அதை இழந்தும் இருக்கிறார். அந்தத் துணிச்சலுக்குக் கிடைக்கும் கூலியை மோசடி என்றே அழைப்பது நியாயமாகாது.

ஆனால் நெட் ரேட்டும் வைத்துக்கொண்டு கமிஷனும் கேட்பது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. மைத்துனரை வெளியாள் போல அழைத்து வந்து உட்கார வைப்பதும் இல்லை. நானே வாங்குவதாக இருந்தால் "அம்மா, இதை நானே எடுத்துக்கொள்கிறேன், பிறகு கூடுதலுக்கு விற்பேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். விற்கிறவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்கள்.

கெடிலக்கரை வாசி:

இருவருக்கும் நன்றி. தரகரும் இதையே பிடித்துக்கொண்டு பேசுகிறார். "கைக்கு ஐந்து வந்தால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மேலே வருவதைப் பற்றி உங்களுக்கு என்ன?" என்கிறார். அம்மா அப்படிச் சொன்னதால் எங்கள் உரிமை போய்விட்டதா? அரியாங்குப்பத்துக் குடும்பத்தினர் நல்லவர்களாகத் தெரிகிறார்கள், அவர்களுக்குத் தீங்கு வருவதிலும் எங்களுக்கு விருப்பமில்லை.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்:

வழக்கு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது. "ஐந்துக்குக் குறைந்தால் விற்க மாட்டேன்" என்று தரகருக்கு எல்லை குறித்துக் கொடுப்பது ஒன்று, "ஐந்துக்கு மேல் வருவதெல்லாம் உனக்கே" என்று விட்டுக் கொடுப்பது வேறு. உங்கள் தாயார் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை. இரண்டாவது வகைதான் என்று வாதிடுபவர் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும், அப்போது தரகர் கமிஷனும் கேட்டார் என்பது உங்களுக்கே துணையாகும். வில்லியனூர் நண்பர் சொன்னது போல, நெட் ரேட்டில் எடுத்தவர் கமிஷன் கேட்க மாட்டார். கமிஷன் கேட்பவர் தம்மை உங்கள் முகவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். கமிஷன் கேட்ட குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது வகைச் சம்மதமே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கொடுத்தபோது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 215-ஆம் பிரிவின் இன்னொரு எடுத்துக்காட்டில், நிலத்தில் ஒரு சுரங்கம் இருப்பதை முகவர் கண்டுபிடிக்கிறார், அதை மறைத்து "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்கிறார், உரிமையாளரும் சம்மதிக்கிறார். அந்தச் சம்மதம் முகவரைக் காப்பாற்றாது, விற்பனையை ஏற்பதும் மறுப்பதும் உரிமையாளரின் விருப்பம் என்கிறது சட்டம். ஆறரை லட்சத்துக்கு ஆள் தயாராக இருப்பது ஒப்பந்த நாளிலேயே தரகருக்குத் தெரிந்திருந்தால் அதுவும் அத்தகைய செய்திதான். பிறகுதான் அந்த ஆள் கிடைத்தார் என்றால் வாதம் சற்று மெலியும். ஆகவே அரியாங்குப்பத்துக் குடும்பத்தினர் தரகரை முதலில் எப்போது பார்த்தார்கள், எந்த நாளில் முன்பணம் கொடுத்தார்கள் என்பதை அவர்களிடமே தன்மையாகக் கேட்டறிவது முக்கியம்.

ஒப்பந்தத்தைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால் "பதிவு இல்லை, எனவே காகிதம்தானே" என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று நம் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அத்தகைய வழக்குகளில் நிறைவேற்றும்படி ஆணையிடுவதே பொது விதியாகிவிட்டது. குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்வரை மைத்துனர் வழக்குத் தொடுக்கலாம். எனவே பேசாமல் இருந்து காலம் கடத்துவது உங்களுக்குப் பாதுகாப்பு அல்ல.

மற்றொன்று, எல்லாம் தெரிந்த பிறகு தரகரிடமிருந்தோ மைத்துனரிடமிருந்தோ மேற்கொண்டு ஒரு ரூபாய் வாங்கினாலும், நடந்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கிடைக்கும். செய்கையாலும் ஒப்புதல் தரலாம் என்கிறது 197, முழு விவரமும் தெரியாமல் தந்த ஒப்புதல் செல்லாது என்கிறது 198. நேற்றுவரை 198 உங்கள் பக்கம் இருந்தது. இன்று உங்களுக்கு விவரம் தெரியும்.

முத்தியால்பேட்டை வாசகர்:

ஒழுங்குமுறை ஆணையத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் உள்ள மனைகளையும் குடியிருப்புகளையும் விற்க உதவும் முகவர்களையே பதிவு செய்யச் சொல்கிறது. அத்தகைய முகவர்களுக்குக் கணக்குப் புத்தகம் வைத்தல், பொய்யான விவரம் சொல்லாதிருத்தல் போன்ற கடமைகள் 10-ஆம் பிரிவில் உள்ளன, மீறினால் அபராதமும் உண்டு. ஆனால் ஒருவர் தம் தனி மனையை உள்ளபடியே விற்பது திட்டம் ஆகாது. பன்னிரண்டு சென்ட் என்பது அந்தச் சட்டம் பதிவுக்கு எல்லையாகக் குறிக்கும் 500 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று சிலர் உங்களிடம் காரணம் சொல்லக்கூடும். அது தற்செயல்தான், ஓர் ஏக்கராக இருந்தாலும் பிரித்து மனை போடாமல் விற்றால் இதே பதில்தான். புதுச்சேரிக்குத் தனி ஆணையம் உண்டு, கடலூர் தமிழ்நாட்டு ஆணையத்தின்கீழ் வருகிறது. வாங்குபவர் அரியாங்குப்பத்துக்காரர் என்பதால் அது மாறாது.

கமிஷன் பேசி அமர்த்தப்பட்டவர் என்று காட்ட முடிந்தால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதை யோசிக்கலாம். அதற்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. ஆயினும் பதினெட்டு லட்சத்தை மீட்பது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றையும் கவனியுங்கள். கிரயப் பத்திரத்தில் விற்பவர் என்று நிற்கப் போவது உங்கள் தாயார் மட்டுமே. எழுபத்தெட்டு லட்சம் என்று பத்திரத்தில் எழுதினால், கைக்கு வராத பதினெட்டு லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரிக் கேள்வி அவரிடம்தான் வரும். அறுபது என்று எழுதி மீதியை ரொக்கமாகக் கை மாற்றினால், குறைத்துக் காட்டிய பத்திரத்தில் அவருடைய கையெழுத்து இருக்கும். நிலப் பேரத்தில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுக்கிறது, வாங்கிய தொகைக்குச் சமமாகவே அபராதம் விதிக்க இடமுண்டு. தரகர் வாங்கிய பணத்துக்கு உங்கள் தாயார் விளக்கம் சொல்லும் நிலை வரக் கூடாது.

நெல்லிக்குப்பத்தான் (டெக்சாஸ்):

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். நான் வசிக்கும் மாநிலத்தில், வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே, தரகர் விற்பவருக்காகவா வாங்குபவருக்காகவா இருவருக்கும் நடுவிலா என்பதை விளக்கும் அரசு வகுத்த படிவம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இரு தரப்புக்கும் நடுவில் நிற்பதானால் இருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ஊரில் அப்படியொரு படிவம் இல்லாவிட்டாலும், நாமே அரைப் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. என் சித்தப்பாவின் திருப்பாதிரிப்புலியூர் வீட்டை விற்றபோது, "தரகரோ அவருடைய உறவினரோ வாங்குவதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்ற ஒரு வரியைச் சேர்த்தோம். வந்த தரகர்களில் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை.

கெடிலக்கரை வாசி:

வரியைப் பற்றிச் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, மிக்க நன்றி. அரியாங்குப்பத்துக் குடும்பத்துக்கே எழுபத்தெட்டு லட்சத்துக்கு நேரடியாக விற்றுவிட்டு, மைத்துனருக்கு அவருடைய பத்து லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்:

செய்யலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. மைத்துனரின் ஒப்பந்தம் நிலுவையில் இருக்கும்போதே கிரயம் செய்தால், அதை அறிந்து வாங்கியவர்கள் என்ற முறையில் அந்தக் குடும்பத்தினரும் அவர் தொடுக்கும் வழக்கில் சிக்குவார்கள். ஆகவே முதலில் தரகருக்கும் மைத்துனருக்கும் பதிவு வசதியோடு கூடிய விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். உறவை மறைத்ததையும் விலை வேறுபாட்டையும் குறிப்பிட்டு, 215-இன்படி ஒப்பந்தத்தை மறுப்பதாகவும், முன்பணத்தைத் திருப்பித் தரத் தயாராக இருப்பதாகவும் எழுத வேண்டும். பத்து லட்சத்தை வங்கியில் தொடாமல் வைத்திருங்கள். அறிவிப்பின் நகல் ஒன்றை வாங்கும் குடும்பத்துக்கும் கொடுத்துவிடுங்கள், தரகரிடம் அவர்கள் கொடுத்த முன்பணத்தை மீட்க அவர்களுக்கும் அது தேவைப்படும்.

இத்தகைய அறிவிப்புக்குப் பின் பெரும்பாலும் பேச்சுக்கு வருவார்கள். அப்படி வந்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் எழுத்தில் மைத்துனர் கையெழுத்திடுவதோடு, கிரயப் பத்திரத்திலும் அவரை ஒப்புதல் தரப்பினராகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது நல்லது. வராவிட்டால் கிரயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஒப்பந்தம் தாயாரைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கோரி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். அறிவிப்பு அனுப்பும்வரை தரகர் நீட்டும் எந்தக் காகிதத்திலும், "சும்மா சாட்சிக்குத்தான்" என்று சொன்னாலும், உங்கள் தாயார் கையெழுத்திட வேண்டாம்.