அப்பாயி வீட்டு பீங்கான் தட்டு: மிங் காலம்னு ஒருத்தர், டூப்ளிகேட்னு இன்னொருத்தர்

யாங்கோன்_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாயி பர்மாவுல மோல்மீன்ல இருந்தப்போ வச்சிருந்த பீங்கான் சாமான் இப்ப எங்கிட்ட இருக்கு. ஒண்ணு நீலமும் வெள்ளையுமா ஒன்றரை சாண் அகலத்துக்கு ஒரு தட்டு, அடியில ஆறு சீன எழுத்து ரெண்டு வரிசையா. இன்னொன்னு டீ செட்டு, மேல டிராகன் புடைச்சிக்கிட்டு நிக்கும், கோப்பை முட்டை ஓடு மாதிரி மெலிசு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா அடியில ஒரு பொம்பள முகம் தெரியும். சின்ன வயசுல அந்த முகத்த பாக்கணும்னே டீய மடமடன்னு குடிச்சு முடிப்போம். போன வாரம் பழைய சாமான் வாங்குறவர் ஒருத்தர் வந்து தட்டு சீனாவோட மிங் ராஜவம்சக் காலத்துது, 500 வருஷம், உடனே காசு தரேன்னு நிக்கிறாரு. பக்கத்து வீட்டு சீனக்காரர் எழுத்த படிச்சுட்டு மிங் செங்ஹுவான்னு தான் போட்டிருக்கு, ஆனா சாமான் டூப்ளிகேட்னு சொல்லிட்டாரு. விக்கிற எண்ணம் இல்ல. மெட்ராஸ்ல இருக்குற தம்பி வந்து எடுத்துட்டு போறேங்குறான். எதத்தான் நம்புறது?

தட்டோன்_ரவி:
சுண்டி பாருங்க அக்கா, கணீர்னு மணி மாதிரி கேட்டா ஒரிஜினல். எங்க மாமா அப்படித்தான் பாப்பாரு.

பெகு_கணேஷ்:
ரவி, சத்தம் விரிசல் இருக்கா இல்லையான்னு தான் சொல்லும், வயச சொல்லாது. நேத்து சூளையில இருந்து வந்ததும் கணீர்னு தான் கேக்கும்.

மலர் அக்கா, அந்த ஆறெழுத்த கடைசியா பாருங்க. செங்ஹுவாங்கிறது ஒரு மிங் ராஜாவோட ஆட்சிப் பேரு, 1465ல இருந்து 1487 வரைக்கும். அந்தக் காலத்து சாமானுக்கு இருந்த மதிப்புல, ரொம்ப பின்னால காங்ஷி ராஜா காலத்துல (1662–1722) சீனாவுல சிங்தெசென் ஊரு பீங்கான் சூளைக்காரங்களே அந்தப் பேர போட்டாங்க, ஜப்பான்ல அரிதா ஊர்லயும் போட்டாங்க, எல்லாம் ஏமாத்துறதுக்குன்னு இல்ல, பழசு மேல இருந்த மரியாதைக்கும் தான். அதனால பேரு இருக்குன்னு மிங்குன்னும் சொல்ல முடியாது, பேரு பொருந்தலன்னு டூப்ளிகேட்னு தள்ளவும் கூடாது.

தட்ட கவுத்து அடி வளையத்துக்கு உள்ள விரலால தடவி பாருங்க, குண்டூசி தலை அளவுக்கு மூணோ நாலோ அஞ்சோ இடத்துல நெருடுதா? அரிதாவுல பெரிய தட்டு வேகும்போது நடுவுல தொங்கிடக்கூடாதுன்னு களிமண் கூம்பால முட்டு கொடுப்பாங்க, வெந்தப்புறம் அத தட்டி எடுத்துட்டா தழும்பு நிக்கும். சீனத் தட்டுல பொதுவா இது இருக்காது. அப்புறம் ஓரத்து டிசைன் மேல விரல வச்சு ஒரு சுத்து வாங்க, எங்கயாவது ஒட்டாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதான்னு. நின்னா அது கையால வரைஞ்சதில்ல, காகிதத்துல டிசைன வெட்டி அதுக்கு மேல நீலம் அடிச்சது. ஜப்பான்ல மெய்ஜி ராஜா காலத்துல (1868–1912) ஏராளமா அப்படி பண்ணாங்க.

டீ செட்டு ஜப்பான் தான், ஏற்றுமதிக்குன்னே செஞ்சது. அடியில இங்கிலீஷ்ல நிப்பான்னு (ஜப்பானுக்கு இன்னொரு பேரு) இருந்தா 1891க்கும் 1921க்கும் நடுவுல, ஜப்பான்னு இருந்தா பெரும்பாலும் அதுக்கப்புறம். ஆனா இது அமெரிக்கா சுங்கச் சட்டத்தால வந்த வழக்கம், பர்மாவுல இறங்குன சரக்குல ஒண்ணுமே எழுதாமலும் இருக்கலாம்.

மோல்மீன்_ஐயா:
தாயி, எங்கிட்ட நடந்ததையும் கேளு. பத்து வருஷத்துக்கு முன்ன ஒரு கடையில காங்ஷி பேரு போட்ட கிண்ணம் வாங்குனேன், அடி வளையம் பழுப்பேறி மெருகெல்லாம் மங்கி பாத்தாலே பழசு மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து வெதுவெதுன்னு தண்ணியில துணிய நனைச்சு துடைச்சா பழுப்பு பூரா துணிக்கு வந்துருச்சு, உள்ள மண்ணு பச்சரிசி மாவு மாதிரி வெள்ளையா நிக்குது. லென்ஸ் வச்சு பாத்தா கீறல் எல்லாம் ஒரே பக்கமா, உப்புத்தாள் போட்டு தேச்சிருக்கான். நெசமா சாப்பிட்டு பொழங்குன பாத்திரத்துல கீறல் நாலா பக்கமும் ஓடும், நடுவுல நெறைய, ஓரத்துல கம்மியா இருக்கும். அடி வளையத்துல தரையில உக்கார்ற இடம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கும். அந்தக் கிண்ணத்துல இடுக்கெல்லாம் கூட ஒரே மாதிரி மங்கியிருந்துச்சு, கையே படாத இடம் எப்படிம்மா தேயும்? ஆசிட் வேலை. மக கல்யாணத்துக்கு எடுத்து வச்ச காசு அது, இன்னும் மனசு ஆறல.

இன்னொன்னு, இங்க பர்மாவுல 2015ல வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல ஆன சாமான அனுமதி இல்லாம நாட்ட விட்டு கொண்டு போகக்கூடாது. தம்பி பெட்டியில வச்சு கட்டிடாம பாத்துக்கோ.

யாங்கோன்_மலர்:
கணேஷ் தம்பி, மூணு இருக்கு! முக்கோணமா. ஓரத்துல ஒரு இடத்துல இலை பாதியில வெட்டுப்பட்டு அடுத்த இலை மேல ஏறி நிக்குது. நாப்பது வருஷமா இந்தத் தட்டுல தான் தீபாவளி பலகாரம் வைக்கிறோம், ஒரு நாளும் கண்ணுல பட்டதில்ல. கீறலும் ஐயா சொன்ன மாதிரி நடுவுல தான் நெறைய. கோப்பை அடியில எழுத்து எதுவும் இல்ல.

பெகு_கணேஷ்:
நீலம் எப்படி, சாம்பல் படிஞ்ச மாதிரியா, கண்ண பறிக்குதா?

யாங்கோன்_மலர்:
கண்ண பறிக்குது, கொஞ்சம் ஊதா அடிக்குது.

பெகு_கணேஷ்:
அப்ப மெய்ஜி கால ஜப்பான் தட்டுன்னு தான் எனக்கு படுது அக்கா, அந்த நீலம் 1870க்கு அப்புறம் அங்க பரவுன கோபால்ட்ங்கிற நீலச் சாயம், கெமிக்கலா செஞ்சது. சாமான் வாங்குறவரு சொன்னதும் சரியில்ல, பக்கத்து வீட்டுக்காரரு சொன்னதும் சரியில்ல. நூறு வருஷம் தாண்டியிருக்கும், தம்பிகிட்ட சட்டத்த சொல்லிடுங்க. பகல் வெளிச்சத்துல அடி வளையத்த கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து போடுங்க. கோப்பையில தங்கக் கோடு இருந்தா புளி, சாம்பல் எதுவும் போட்டு தேய்க்காதீங்க, தண்ணியும் பஞ்சும் போதும்.