மாடி டிவியைப் போட்டால் ஹால் டிவியில் சேனல் போய்விடுகிறது: ஒரே டிஷ், மூன்று டிவி

கேள்வி

எங்கள் வீடு தஞ்சாவூர் பக்கம். கீழே ஹாலில் ஒரு டிவி, அம்மா அறையில் ஒன்று, மாடியில் ஒன்று. மொட்டை மாடியில் ஒரே டிஷ்தான். இத்தனை வருடமும் ஹாலில் மட்டுமே பாக்ஸ் இருந்தது, ஒரு தொல்லையும் இல்லை. போன மாதம் அதே கணக்கில் இன்னொரு பாக்ஸ் எடுத்து மாடியில் வைத்தோம். மாட்ட வந்தவர் டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரைப் படிக்கட்டு ஓரம் வெட்டி, தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்ப்ளிட்டரைப் போட்டு இரண்டாகப் பிரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மாடியில் சில சேனல்களைப் போட்டால் ஹாலில் ஓடிக்கொண்டிருப்பது நின்று 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. மாடியில் வேறு சேனலுக்கு மாற்றினால் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. மழையும் இல்லை, மேகமும் இல்லை. ராத்திரி அம்மா ஹாலில் சீரியல் பார்க்கும் நேரம்தான் பையன் மேலே கார்ட்டூன் போடுவான். தினமும் வீட்டில் சண்டை. மாட்டியவரைக் கூப்பிட்டால் டிஷ்ஷையே மாற்ற வேண்டும் என்கிறார். அம்மா அறைக்கும் ஒரு பாக்ஸ் எடுக்க நினைத்திருந்தோம், இப்போது தயக்கமாக இருக்கிறது. டிஷ் கெட்டுவிட்டதா?

பதில் 1

ஸ்ப்ளிட்டர் போட்டால் சிக்னல் பாதியாகிவிடும். ஒரு பூஸ்டர் வாங்கிப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் கேபிள் டிவிக்கு அப்படித்தான் செய்தோம், சரியாகிவிட்டது.

பதில் 2

பூஸ்டருக்குக் காசைக் கொட்ட வேண்டாம் தம்பி. டிஷ்ஷும் கெடவில்லை. நான் டிஷ் மாட்டும் வேலையில்தான் இருக்கிறேன், வாரம் ஒரு வீட்டிலாவது இதே கதையைப் பார்க்கிறேன்.

கேபிள் டிவி வேறு, டிஷ் வேறு. கேபிளில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் ஒயரில் ஓடும், எத்தனையாகப் பிரித்தாலும் எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும். டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் நிற்கிறதே எல்என்பி, அது அப்படி இல்லை. வானத்திலிருந்து சேனல்கள் செங்குத்து, கிடை என்று இரண்டு வகை அலையில் வருகின்றன. ஒற்றை எல்என்பி ஒரு நேரத்தில் ஒரு வகையைத்தான் கீழே இறக்கும். எந்த வகை வேண்டும் என்று பாக்ஸ்தான் அதே ஒயர் வழியாகச் சொல்கிறது: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடை. இரண்டு பாக்ஸையும் ஒரே ஒயரில் கட்டினால் 18 வோல்ட் கேட்கிற பாக்ஸ் ஜெயிக்கும். மற்ற பாக்ஸில் அப்போது செங்குத்துச் சேனல் ஓடிக்கொண்டிருந்தால் அது போய்விடும். உங்கள் அம்மாவின் சீரியல் அப்படித்தான் போகிறது.

நிச்சயம் செய்துகொள்ள ஒன்று செய்யுங்கள். மாடி பாக்ஸை ரிமோட்டில் அணைக்காமல் பிளக்கையே பிடுங்கிவிட்டு, ஹாலில் எல்லாச் சேனலையும் ஓட்டிப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்த பிறகும் பல பாக்ஸ்கள் வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பிளக்கைச் சொல்கிறேன்.

கேட்டவர்

நீங்கள் சொன்னது அப்படியே சரி அண்ணா! பிளக்கைப் பிடுங்கியதும் ஹாலில் சேனல்கள் வந்துவிட்டன. ஆனால் நாலைந்து சேனல் மட்டும் அப்போதும் கட்டம் கட்டமாக உடைகிறது. முன்பு அப்படி இருந்ததில்லை.

பதில் 2

ஸ்ப்ளிட்டரின் முதுகில் என்ன எண் போட்டிருக்கிறது, பாருங்கள்.

கேட்டவர்

5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது.

பதில் 2

அது கேபிள் டிவிக்கு உள்ளது. எல்என்பி ஒயரில் இறக்குவது 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. மேல்பகுதியில் இருக்கும் சேனல்கள் அந்த ஸ்ப்ளிட்டரைத் தாண்டும்போது தேய்ந்துவிடும், அதுதான் உடைகிறது. அதைக் கழற்றிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது: நாலு அவுட்புட் எல்என்பி ஒன்று வாங்குங்கள். கடையில் குவாட் என்று கேளுங்கள். குவாட்ரோ என்று இன்னொன்று உண்டு, பெயர் ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் அது மல்டிஸ்விட்ச் (ஒரே டிஷ் சிக்னலைப் பல வீட்டு பாக்ஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்த பெரிய கட்டடங்களுக்கு. அதை நேராக பாக்ஸில் மாட்டினால் ஒவ்வொரு துளையிலும் ஒரு பகுதிச் சேனல்தான் வரும். உங்கள் கம்பெனி பாக்ஸுக்குப் பொருந்துமா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு பாக்ஸுக்கும் எல்என்பியிலிருந்து தனித்தனியாக ஆர்ஜி-6 ஒயர் (டிஷ்ஷுக்குப் போடும் கோஆக்சியல் ஒயர்) இறங்க வேண்டும், நடுவில் ஒட்டு கூடாது. ஒயர் இழுக்கும் அன்றே அம்மா அறைக்கும் சேர்த்து மூன்றாக இழுத்துவிடுங்கள். பழைய எல்என்பியைக் கழற்றும் முன், அது எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது என்று பிடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். புதியதையும் அதே சாய்வில் வையுங்கள். டிஷ்ஷின் போல்ட் எதையும் தொட வேண்டாம். மிச்சம் இருக்கும் நாலாவது துளைக்கு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கும்.

பதில் 3

ஒயர் விஷயம் முடிந்தது, பில் விஷயத்தையும் கவனியுங்கள். மூன்றாவது பாக்ஸைத் தனிக் கணக்காக எடுக்காதீர்கள், முதல் கணக்கிலேயே மல்டி டிவி என்று கேளுங்கள். 2020 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், கூடுதல் டிவிக்கான நெட்வொர்க் கட்டணம் (சேனல் விலை போக, இணைப்புக்காக மாதம் கட்டுவது) முதல் டிவி கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தது. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். அதனால் மாதம் எவ்வளவு கூடும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அம்மா என்ன பார்ப்பார்கள்? டிடி தமிழ் (முன்பு பொதிகை என்றிருந்ததுதான்), செய்தி, பக்திப் பாட்டு போதும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் போட்டுவிடலாம், மாதச் சந்தா கிடையாது. ஆனால் அது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. உங்கள் கம்பெனி வேறு செயற்கைக்கோளில் இருந்தால் தென்கிழக்கு பார்த்துத் தனி டிஷ் வைக்க வேண்டும். சீரியல் வேண்டும் என்றால் ஃப்ரீ டிஷ்ஷை நம்ப வேண்டாம்.

கேட்டவர்

அம்மாவுக்குச் சீரியல்தான் வேண்டும், அதனால் அதே கணக்கில் மூன்றாவது பாக்ஸ் எடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை எல்என்பி மாற்றி, மூன்று ஒயரும் நானே இழுத்தேன். ஹாலும் மாடியும் அருமை, இரண்டிலும் வேறு வேறு சேனல் தாராளமாக ஓடுகிறது. அம்மா அறையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. எல்என்பி ஷார்ட் என்று காட்டுகிறது. புது எல்என்பியிலேயே ஒரு துளை கெட்டுப் போயிருக்குமா?

பதில் 2

எல்என்பியைச் சந்தேகப்படும் முன் அம்மா அறை ஒயரின் இரண்டு முனையிலும் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒயரைச் சீவும்போது வெளி வலைக்கம்பியில் ஒரு இழை பிரிந்து நடுச் செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதைத்தான் பாக்ஸ் ஷார்ட் என்று காட்டுகிறது. முடி போல இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வலையைப் பின்னால் வெளி உறை மேல் மடித்துவிட்டு, நடுக் கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதியைச் சுத்தமாக வெட்டி, நடுக் கம்பி இரண்டு மில்லிமீட்டர் அளவு வெளியே நீட்டும்படி விட்டுத் திருகுங்கள். புதிதாக வேலை கற்க வரும் பையன்களுக்கு நான் முதல் வாரம் முழுக்க இதைத்தான் செய்ய வைப்பேன்.

கேட்டவர்

இருந்தது அண்ணா! எல்என்பி பக்கம் நன்றாகவே இருந்தது, பாக்ஸ் பக்கம்தான். ஒரே ஒரு இழை, நகத்தால் நிமிர்த்திப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வெட்டிப் புதிதாகப் போட்டேன், பாக்ஸ் ஆன் ஆனதும் படம் வந்துவிட்டது. எல்என்பி பக்கம் மூன்று கனெக்டருக்கும் ரப்பர் டேப் சுற்றி, மழைநீர் ஒயர் வழியே உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டிருக்கிறேன். எட்டு மணிக்கு அம்மா அவர் அறையிலேயே சீரியல் பார்த்தார், பையன் மேலே கார்ட்டூன் பார்த்தான். உங்கள் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்ப்ளிட்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன், கேபிள் டிவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்துவிடுகிறேன்.