விபி6-ல் இருபது வருடம் எழுதியவர்களுக்கு சி ஷார்ப் சொல்லிக்கொடுப்பது எப்படி?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். திருப்பூர், அவிநாசி பக்கம் இருக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் சில நூல் மில்களுக்கும் சம்பளக் கணக்கு, பீஸ் ரேட், ஸ்டாக் எல்லாம் பார்க்கிற புரோகிராம் எங்களுடையது. முழுக்க விபி6, அதாவது மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக் 6 மொழி. அந்தப் புரோகிராமை மைக்ரோசாஃப்டின் இப்போதைய தளமான டாட்நெட்டுக்கு, சி ஷார்ப் மொழியில் எழுதி மாற்றுவது என்று முடிவாகி, அங்கே இருக்கிற எட்டு சீனியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருமே என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர்கள், நான் சேர்ந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களே அதில் மூன்று பேர்.

போன மாதம் வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து மூன்று நாள் வகுப்பு வைத்தோம். விலங்கு என்று ஒரு கிளாஸ் (தகவலையும் அதற்கான வேலைகளையும் சேர்த்து வைக்கிற வார்ப்பு), அதிலிருந்து நாய் ஒன்று, பூனை ஒன்று, நாய் குரைக்கும், பூனை கத்தும், இதுதான் இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸில் உள்ளதை இன்னொன்று வாங்கிக்கொள்வது) என்று ஆரம்பித்தார். இரண்டாம் நாள் மதியமே பாதிப் பேர் வாடிக்கையாளர் போன் என்று எழுந்து போய்விட்டார்கள். மூன்றாம் நாள் முடிந்ததும் ஒரு அண்ணன் என்னிடம் வந்து, "இதை வெச்சு நான் எப்படிம்மா சம்பளம் போடுறது?" என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது அவர்கள் எழுதுவதெல்லாம் விபி6 தான், வரிக் கடைசியில் சி ஷார்ப் கேட்கிற அரைப்புள்ளி மட்டும் கூடியிருக்கிறது. சேமி பட்டனின் கிளிக்கில் 400 வரி, அதற்குள்ளேயே சரிபார்ப்பு, எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் வேலை), பிரிண்ட் எல்லாம். தப்பு அவர்கள் மேல் இல்லை என்று நிச்சயமாகத் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையவிபி:

நான் 48 வயதில் மாறியவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இன்ஹெரிட்டன்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். விபி6 ஆட்களுக்கு ஆப்ஜெக்ட் (கிளாஸ் என்ற வார்ப்பிலிருந்து உருவாகும் பொருள்) புதிது என்று நினைப்பதே தவறு. டேட்டாபேஸிலிருந்து எடுத்த வரிகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்செட் ஒரு ஆப்ஜெக்ட், விபியிலிருந்து எக்செல்லைத் திறந்து செல்லில் எழுதுவது ஆப்ஜெக்ட், ஃபார்மே ஒரு ஆப்ஜெக்ட். இருபது வருடமாக அதையெல்லாம் பயன்படுத்தியவர்கள்தான், தாங்களே ஒன்றை வடிவமைத்ததில்லை, அவ்வளவுதான். விபி6-ல் கிளாஸ் மாட்யூலும் உண்டு, இம்ப்ளிமென்ட்ஸும் (ஒரு கிளாஸ் சொன்ன வடிவத்தை இன்னொன்று ஏற்பது) உண்டு; ஒரு கிளாஸின் கோடை இன்னொன்று வாங்கிக்கொள்ளும் வசதிதான் கிடையாது.

எனக்கு வலித்தது வேறு இடம். பார்க்க ஒரே மாதிரி இருந்து வேறு மாதிரி நடக்கிற விஷயங்கள். விபியில் 7/2 போட்டால் 3.5, சி ஷார்ப்பில் இரண்டும் முழு எண் என்றால் 3. விபியில் முழு எண்ணாக்க சிஇன்ட் போட்டால் 2.7 மூன்றாகும், சி ஷார்ப்பில் அதையே இன்ட் என்று காஸ்ட் செய்தால், அதாவது முழு எண் டைப்பாக மாற்றினால், இரண்டாகும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது, புரோகிராம் ஓடும், விடை மட்டும் தப்பாக வரும். பணத்துக்கு நாம் கரன்சி டைப் வைத்திருந்தோம், நான்கு தசம இடம் சுத்தமாக நிற்கும். அதைத் தெரியாமல் டபுளாக (தசமத்தைத் தோராயமாக வைக்கிற டைப்) மாற்றிவிட்டு மாதக் கடைசியில் பைசா வித்தியாசத்தைத் தேடி இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். தசமத்தைச் சுத்தமாக வைக்கிற டெசிமல் போட்டிருக்க வேண்டும். அப்புறம், விபி6-ல் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுப்பது) பைரெஃப், அதாவது உள்ளே போன ஃபங்ஷன் வெளியே இருக்கிற மாறியையே மாற்றிவிடும். பழைய கோடில் அதை நம்பி நடக்கிற இடங்கள் இருக்கும், எழுதியவருக்கே மறந்திருக்கும்.

இந்த மாதிரி இடங்களை வைத்து முதல் வாரத்தை நடத்துங்கள். அனுபவசாலிக்கு இது மரியாதையான பாடம், அவருக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறது. நாய், பூனை என்றால் ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்த மாதிரி இருக்கும்.

வெள்ளலூர்க்காரன்:

சி ஷார்ப் எதற்கு? விபியின் டாட்நெட் வடிவமான விபி டாட்நெட்டுக்குப் போனால் பாதிக் கஷ்டம் குறையுமே. டிம், இஃப், எண்ட் இஃப் எல்லாம் அப்படியே இருக்கும், வயதானவர்களுக்கு எழுத்து பழகிய எழுத்தாக இருக்கும்.

பழையவிபி:

நானும் முதலில் அந்த வழியில்தான் போனேன், சரியாக வரவில்லை. எழுத்து பழகினதாக இருப்பதாலேயே பழைய பழக்கமும் அப்படியே வந்துவிடுகிறது. பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகிற ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் கூட அங்கே வேலை செய்யும், பிறகு எப்படி விடுவார்கள்? பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு: விபி6-ல் இன்டிஜர் 16 பிட், விபி டாட்நெட்டில் 32. இன்னொன்று, விபியை ஒரு மொழியாக இனி வளர்க்கும் எண்ணம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. விபி6-க்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முழுதாக நின்றபோது பட்டவர்கள் நாம், அதே மனிதர்களை இன்னொரு தடவை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்பது என் எண்ணம். புதிதாகத் தொடங்குவதால் டாட்நெட் 10-லேயே தொடங்கட்டும், 8-க்கு 2026 நவம்பரோடு ஆதரவு முடிகிறது.

மாலைத்தேநீர்:

நான் இதே மாதிரி ஒரு மாற்றத்தில் இரண்டு வருடம் இருந்தேன், ஊரும் கம்பெனியும் வேண்டாம். மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் நிச்சயம் அடி விழும்: ஆப்ஜெக்டின் ஆயுள்.

விபி6-ல் ஒரு ஆப்ஜெக்டைப் பிடித்திருக்கிற கடைசி மாறி போனவுடன் அந்த ஆப்ஜெக்டும் போய்விடும், அந்த நொடியே. டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மூட மறந்தாலும் சப் (அந்தக் கோடுப் பகுதி) முடிந்ததும் அதுவாக மூடிக்கொள்ளும், அதனால் மூடுகிற பழக்கமே பலருக்கு வரவில்லை. டாட்நெட்டில் குப்பை அள்ளுபவர் (வேண்டாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர்) தனக்கு நேரம் வரும்போதுதான் வருவார். எங்களுடையது சர்வரில் ஓடுகிற புரோகிராம், ஒருவர் கனெக்‌ஷனைத் திறந்து அப்படியே விட்டுவிட்டார். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டு பேர்தானே உட்கார்ந்து பார்க்கிறோம். வாடிக்கையாளரிடம் போன முதல் திங்கள்கிழமை பதினோரு மணிக்கு எல்லாத் திரையும் நின்றுவிட்டது. எஸ்கியூஎல் சர்வருக்கான கனெக்‌ஷன் பூலில் (திறந்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பில்) நாம் மாற்றாதவரை 100 தான் உச்சம், நூறும் தீர்ந்துவிட்டது. வேலை முடிந்ததும் தானே மூடிவிடுகிற யூசிங் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் நடந்திருக்காது. எழுதியவர் 22 வருட அனுபவம் உள்ளவர், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் யூசிங் எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை, எப்படி எழுதுவது என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

அப்புறம் பயிற்சிக்குத் தனியாக உதாரணம் தேடாதீர்கள். அந்த 400 வரி பட்டனையே எடுங்கள். முதல் வேலை ஒன்றே ஒன்று: கணக்கை மட்டும் வெளியே எடுத்து, டெக்ஸ்ட்பாக்ஸ் என்ற பெயரே வராத, அதாவது திரையோடு தொடர்பில்லாத, ஒரு கிளாஸில் வைக்கச் சொல்லுங்கள். ஆள் விவரமும் வேலை நாளும் உள்ளே போகும், சம்பளம் வெளியே வரும். இதைச் செய்யும்போதே கிளாஸ் எதற்கு என்று கைக்குப் புரிந்துவிடும். பிறகு போன வருடத்தின் 12 மாதச் சம்பளத்தையும் பழைய புரோகிராமிலும் புதியதிலும் ஓட்டி, ஆள் வாரியாக ஒப்பிடுங்கள். பைசா பிசகக் கூடாது. நாங்கள் ஓட்டியபோது முதல் தடவை நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தது, ஒவ்வொன்றையும் அந்தப் பெரியவர்கள்தான் ஏன் என்று கண்டுபிடித்தார்கள், எங்களைப் போன்ற இளசுகளால் முடியவில்லை.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மாலைத்தேநீர் சொன்ன மாதிரி சம்பளப் பட்டனை எடுத்துக்கொண்டு, எங்கள் குழுவிலேயே மூத்தவரோடு சனிக்கிழமை உட்கார்ந்தேன். இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிற இடத்தில் ஒரு இஃப் நிபந்தனை இருந்தது, சம்பளம் அதன் வரம்பான 21,000-ஐத் தாண்டியும் பிடித்தம் போகிற மாதிரி. பழைய பிழை என்று நினைத்து நான் எடுத்துவிட்டேன். ஒப்பிட்டால் ஒன்பது பேருக்கு வித்தியாசம். அவர் திரையைப் பார்த்ததும் சொன்னார்: "ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு காலம்மா, நடுவுல சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியுற வரைக்கும் பிடிக்கணும்." அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. அந்த விதி எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, அவர் தலையிலும் அந்த ஒரு வரியிலும்தான் இருந்தது.

அதற்கு "பங்களிப்புக் காலம்" என்று தனியாக ஒரு கிளாஸ் வைக்கலாமா என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டு அவரே எழுதினார். 2019 ஜூலையில் தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனபோது எட்டு ஃபார்மில் மாற்ற வேண்டியிருந்ததாம், இனி ஒரு இடம்தான் என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை வகுப்பை அவர்தான் எடுக்கிறார், நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

இன்னொரு கேள்வி: பிழையைப் பிடிக்க டிரை போடச் சொன்னால், பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுத வேண்டிய கேட்ச்சைக் காலியாக விடுகிறார்கள், ரெஸ்யூம் நெக்ஸ்ட் பழக்கம். இதை எப்படி விட வைத்தீர்கள்?

பழையவிபி:

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் செய்ததைச் சொல்கிறேன். காலி கேட்ச் இருந்த என் கோடையே ஓட்டி, ஒருவருக்குச் சம்பளம் சேமிக்காமலே "சேமிக்கப்பட்டது" என்று திரையில் வருவதைக் காட்டினார். வேறு எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் காலியாக விட்டதில்லை.